பேசுவோர் கைக்குத் திரும்பும் அகராதி
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அகராதியியலுக்கென்று ஓர் அறக்கட்டளை நிறுவுவது எளிதில் தோன்றும் எண்ணமன்று. நிறுவிய குடும்பத்தாருக்கு என் நன்றி. அகராதி என்றதும் நம் நினைவுக்கு வருபவை பெரியவை: வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி, 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை சிறியவை. குறைவானோரே பேசும் சிறுமொழிகளுக்கு, பல மொழிப் பொருளோடும் ஒலியோடும், இணையம் இல்லாமல் இயங்கும் அகராதியை எப்படிச் செய்வது, எந்தக் கருவிகளைக் கொண்டு செய்வது என்பதே பொருள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நீலகிரியிலிருந்து வரும். நமக்குப் பக்கத்து மலை. நாம் பொறுப்பேற்க வேண்டிய மலை.

1. அலமாரியில் இருப்பவை

நீலகிரி மொழிகளில் ஆய்வே நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1930களில் மலைக்கு வந்த மொழியியலாளர் எமனோ, கோத்தர் மொழிக் கதைகளை 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்டார். தோடர் பாடல்களை 1971இலும் தோடர் மொழி இலக்கணத்தை 1984இலும் தந்தார். அவரும் பர்ரோவும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வந்தது. 1984இன் திருத்திய பதிப்பில் 5,500க்கும் மேற்பட்ட பதிவுகள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1976இல் சு. சக்திவேலின் தோடர் ஒலியியலைச் சொற்றொகுதியோடு வெளியிட்டது. இருளர் மொழியைக் கமில் சுவலபிலும் பெரியாழ்வாரும் ஆராய்ந்தார்கள். ஆலு குறும்பர் மொழிக்கு டீட்டர் காப் 1982இல் நூல் எழுதினார். படகர் பேசும் படகு மொழிக்கு ஹாக்கிங்ஸும் பிலோ-ரேஷூரும் 1992இல் அகராதி தந்தார்கள். மலையை விட்டு இறங்கி மதுரைக்கு வந்தால், சௌராஷ்டிர மொழிக்கு உச்சிதாவின் 1990ஆம் ஆண்டு அகராதி இருக்கிறது.

நூல்கள் இருக்கின்றன. யார் படிக்க முடியும் என்பதுதான் கேள்வி. காப் எழுதியது ஜெர்மனில். மற்றவற்றில் பொருள் ஆங்கிலத்தில், தலைச்சொல் ரோமன் எழுத்தில், எழுத்தின் மேலும் கீழும் குறிகளோடு. பெரும்பாலானவை வெளிநாட்டுப் பதிப்பகங்கள் நூலகங்களுக்காக அச்சிட்டவை. தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் ஒரு கோத்தர் மாணவி தன் பாட்டி சொன்ன சொல்லை இவற்றில் தேட வேண்டுமானால், முதலில் ஆங்கிலம் வேண்டும், அடுத்து ஒலிக்குறிகள் தெரிய வேண்டும், கடைசியாக நூல் கைக்குக் கிடைக்க வேண்டும். சொல் ஊரிலிருந்து புறப்பட்டு நூலகத்துக்குப் போய்விட்டது. திரும்பி வர வழி போடப்படவில்லை.

இதை அவ்வறிஞர்கள் மீது குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் எழுதியது ஒப்பிலக்கண ஆய்வுக்காக. அந்த உழைப்பு இல்லாவிட்டால் நம் சொற்களின் வேர் பற்றி நாமே பேச முடியாது. ஆனால் இன்று அளவுகோலை மாற்ற வேண்டும். ஒரு சிறுமொழி அகராதி முடிந்ததா என்பதை அது அச்சேறிய நாளைக் கொண்டு கணக்கிடக் கூடாது. சொல்லைத் தந்த ஊரில், சிக்னல் இல்லாத இடத்திலும், அவ்வூரார் படிக்கத் தெரிந்த மொழியில் அது திறக்கிறதா? திறந்தால் முடிந்தது. அதற்கான கருவிகள் தயாராக இருக்கின்றன, பெரும்பாலும் இலவசமாக. பாக்கி நிற்பது நம் வேலை: தமிழ்ப் பொருள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கு விளக்கம்.

இதற்கு நல்ல முன்மாதிரி அந்தமானில் இருக்கிறது. அன்விதா அப்பி தொகுத்த கிரேட் அந்தமானிய மொழி அகராதி 2012இல் வெளிவந்தது. அவருக்குச் சொல் தந்தவர்களில் ஒருவரான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் காலமாகிவிட்டார். அகராதியில் ஆங்கிலத்தோடு இந்தியும் இருக்கிறது. அந்த மக்களின் பிள்ளைகள் இன்று பேசுவது இந்தி. அவர்கள் தங்கள் பாட்டன் மொழிக்குள் நுழைய அதுவே வாசல். நீலகிரியில் அந்த வாசல் தமிழ். சில ஊர்களுக்குக் கன்னடமும் மலையாளமும்.

2. சீட்டிலிருந்து கோப்புக்கு

பழைய அகராதிக்காரர்களிடம் சொற்சீட்டு இருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு; பெட்டியில் அகர வரிசையில் அடுக்கு. 1980களின் பிற்பகுதியில், சம்மர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிங்விஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் – சுருக்கமாக எஸ்ஐஎல் – இதைக் கணினிக்கு மாற்றி ஒரு மென்பொருள் செய்தது. அதன் பெயர் ஷூபாக்ஸ்: சீட்டுகள் தூங்கிய காலணிப் பெட்டியின் நினைவு. பின்னர் அது டூல்பாக்ஸ் ஆனது. எஸ்ஐஎல் விவிலிய மொழிபெயர்ப்பைச் சார்ந்து வளர்ந்த கிறித்தவ நிறுவனம். இதை அவையில் மறைக்கத் தேவையில்லை. வீரமாமுனிவரும் பப்ரீசியசும் தொகுத்த அகராதிகளைப் பயன்படுத்தும் நமக்கு இந்த உறவு புதிதும் அல்ல. கருவியை எடுத்துக்கொள்வோம், எதற்குப் பயன்படுத்துவது என்பதை நாம் முடிவு செய்வோம்.

ஷூபாக்ஸின் பலம் அதன் எளிமை. ஒவ்வொரு வரியும் பின்சாய்கோட்டோடு இரண்டெழுத்துக் குறி ஒன்றில் தொடங்கும். ஒரு குறி தலைச்சொல்லுக்கு, ஒன்று சொல்வகைக்கு, ஒன்று பொருளுக்கு, ஒன்று எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு, ஒன்று பதிவு செய்த தேதிக்கு. கோவர்டும் கிரைம்ஸும் 1995இல் இக்குறிகளை ஒழுங்குபடுத்திக் கையேடு எழுதியபோது, பொருளுக்கே மூன்று தனித்தனி இடம் ஒதுக்கினார்கள்: ஆங்கிலம், நாட்டு மொழி, வட்டார மொழி. இந்தோனேசியத் தீவுகளில் வேலை செய்த அனுபவம் அதில் தெரிகிறது. அங்கே சிறுமொழி பேசுபவர் சந்தையில் ஒரு வட்டார மலாய் பேசுவார், பள்ளியில் இந்தோனேசிய மொழி படிப்பார். நம் மலைக்கும் இதே நிலைமைதான். முப்பது ஆண்டுகளாகத் தமிழ்ப் பொருளுக்கு இடம் காலியாகவே இருக்கிறது, நாம்தான் நிரப்பவில்லை.

இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது அதே நிறுவனத்தின் ஃபீல்டுவொர்க்ஸ். இலவசம், மூலநிரலும் திறந்தது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை. ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வரிசையைத் திறந்துகொள்ளலாம். ஒரு படகுப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைச்சொல் தமிழ் எழுத்தில் ஒரு வரிசை, பன்னாட்டு ஒலியெழுத்தில் ஒரு வரிசை, குரல் கோப்பு ஒரு வரிசை. சொல்வகை பெயர். பொருள் தமிழில் ‘வளையல்’, கன்னடத்தில் ‘பளெ’ என்பதைக் கன்னட எழுத்தில், ஆங்கிலத்தில் ஒன்று. அதன் கீழே, சொன்னவர் எந்த ஊர், யார் அணிவது, எந்தச் சடங்கில் என்ற குறிப்பு. பொருள் ஒவ்வொன்றும் தனி வரிசை என்பதால், ஒரே தரவிலிருந்து படகு–தமிழ், தமிழ்–படகு, படகு–கன்னடம் என்று வேண்டிய அகராதியைப் பிரித்தெடுக்கலாம்.

வேர்டு கோப்பில் அகராதி தட்டச்சு செய்யும் வழக்கம் நம் துறைகளில் இன்னும் போகவில்லை. தலைச்சொல்லுக்குத் தடித்த எழுத்து, சொல்வகைக்குச் சாய்வெழுத்து. கண்ணுக்கு அகராதி, கணினிக்கோ அது வெறும் பத்தி. எது தலைச்சொல், எது இரண்டாம் பொருள் என்று அதற்குத் தெரியாது. பிறகு அதைப் பிரித்தெடுக்க ஓர் ஆள் ஓராண்டு உட்கார வேண்டியிருக்கும். ஆய்வு மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை: முதல் சொல்லையே வரிசை பிரித்த கோப்பில் போடுங்கள்.

களத்தில் இருவர் இரண்டு ஊர்களில் உட்கார்ந்து ஒரே அகராதியில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இணையம் இருந்தால் அனுப்பிச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் ஒரு பென் டிரைவ் போதும். ஃபீல்டுவொர்க்ஸிலும் அதன் எளிய தம்பியான வீசேயிலும் இந்த வசதி உண்டு. முதலாமவர் தன் மாற்றங்களை பென் டிரைவில் ஏற்றுவார். சந்தை நாளில் கைமாறும். இரண்டாமவர் தன் கணினியில் செருகினால் இருவர் திருத்தங்களும் ஒன்றுசேரும். ஒரே பதிவை இருவரும் வேறுவேறாக மாற்றியிருந்தால், அதை மென்பொருள் குறித்துக் காட்டும். வீசே மொழியியல் படிக்காதவர்களுக்காகவே செய்யப்பட்டது. திரையில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்: சொல்லைச் சேர், அல்லது பொருளை எழுது. மொழி பேசுபவரே தொகுப்பாளராக உட்கார முடிவது இதனால்தான்.

3. நிகண்டின் வழி

சொற்களை எப்படிச் சேகரிப்பது? ‘க’வில் தொடங்கும் சொற்களைச் சொல்லுங்கள் என்று கேட்டால் யாராக இருந்தாலும் விழிப்பார்கள். ‘இதற்கு உங்கள் மொழியில் என்ன?’ என்று தமிழ்ச் சொற்பட்டியலைக் கையில் வைத்துக் கேட்டால், பட்டியலில் உள்ளது மட்டுமே வரும். அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது ஒருபோதும் வராது.

ரான் மோ என்பவர் வேறு வழி வகுத்தார். உலகத்தை ஏறத்தாழ 1,800 பொருட்புலங்களாகப் பிரித்தார். வானம், நீர், செடிகொடி அடங்கிய இயற்கையில் தொடங்கி, மனிதன், மொழியும் சிந்தனையும், சமூகம், அன்றாட வாழ்வு, தொழில், செயல், நிலை, இலக்கணம் என்று ஒன்பது பெருந்தலைப்புகள். அவற்றுக்குள் எண் இட்ட கிளைகள். ஒவ்வொரு புலத்துக்கும் சில கேள்விகள். மொழி பேசுபவர்கள் நாலைந்து பேராக உட்கார்ந்து ஒரு புலத்தை எடுத்து, நினைவுக்கு வரும் சொல்லையெல்லாம் தங்கள் மொழியில் எழுதிக்கொண்டே போவார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு நான்கு சொற்களை நினைவூட்டும். பொருள் எழுதுவது அடுத்த மேசை; கணினியில் ஏற்றுவது அதற்கும் அடுத்தது. இரண்டு வாரப் பட்டறையில் சேரும் சொற்கள் பல மொழிகளில் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கின்றன.

இதைப் படிக்கும்போது தமிழ் படித்த யாருக்கும் நிகண்டு நினைவுக்கு வரும். திவாகரம் சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக வகுக்கிறது: தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று போய், பண்பு, செயல், ஒலி வரை. முதலெழுத்தால் அடுக்கும் வழக்கம் 1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டோடுதான் வருகிறது. பொருளால் தொகுத்து, எழுத்தால் அடுக்குவது என்ற வரிசை நமக்குப் பழக்கமானது. கணினி செய்வதும் அதுவே. தொகுத்த அடுத்த நொடியில் அடுக்கித் தருகிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உலகுக்கெல்லாம் பொதுவாகச் செய்த பட்டியல் எந்த ஊருக்கும் அளவெடுத்துத் தைத்ததாக இராது. தோடரிடம் எருமை என்பது கால்நடைத் தலைப்பில் அடங்கும் ஒரு விலங்கு மட்டும் அல்ல. புனித எருமை வேறு, வீட்டு எருமை வேறு. அவற்றின் பாலைப் பேணும் பால்மனைகளில் படிநிலை உண்டு. அங்கே புழங்கும் கலங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடரைப் பற்றி 1906இல் எழுதிய நூலில் இதற்கென்றே பல அதிகாரங்கள் ஒதுக்கினார். பட்டியலை அப்படியே நிரப்பினால் தோடர் அறிவின் மையமே ஓரிரு கட்டங்களில் நசுங்கிவிடும். புலங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் மென்பொருள் இடம் தருகிறது. முதல் நாள் வேலை அதுதான்: பெரியவர்களோடு உட்கார்ந்து பட்டியலை அந்த ஊருக்கு ஏற்ப மாற்றுவது.

4. எழுத்தும் ஒலியும்

எமனோ 1930களில் படகரிடம் கேட்டுக் குறித்த ஒன்று மொழியியல் நூல்களில் அடிக்கடி மேற்கோளாக வரும். படகில் உயிரொலிகளில் நாவை வளைத்துச் சொல்லும் வேறுபாடு உண்டு. அதிலும் இரண்டு அளவு உண்டு. வளைக்காமல் ‘பே’ என்றால் வாய். கொஞ்சம் வளைத்தால் வளையல். இன்னும் வளைத்தால் பயிர். நம் வாய், வளை, விளை என்னும் சொற்களோடு உறவுள்ள மூன்றும், இடையில் இருந்த ளகரம் முதலியவை உயிருக்குள் கரைந்து, இப்படி நிற்கின்றன. தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் ஒன்று. போதாக்குறைக்கு, முதல் ஒலி ஒலிப்புடையது என்பதும் நம் பகரத்தில் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: இன்றைய படகரில் இந்த நுட்பத்தைக் காப்பவர்கள் சிலரே. அப்படியானால் எதைத் தலைச்சொல்லாக வைப்பது?

தோடர் மொழி இன்னும் கடினம். பதினாறு உயிர்கள். ரகர வகை அதிர்வொலிகள் மூன்று இடங்களில் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அண்ணச் சாயல் பெற்ற இணை வேறு. ஸ்பாயிச், லேடபோகெட், பெரி பாஸ்கரராவ் மூவரும் 1996இல் அவற்றை அளந்து எழுதினார்கள். ர, ற என்ற இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

இங்கே பலரும் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒலிக்குறிகள்தான் சரி என்பார் ஒரு சாரார். எளிய தமிழெழுத்து போதும் என்பார் மறு சாரார். கணினி வந்த பிறகு இந்தச் சண்டைக்கு வேலை இல்லை. மூன்றையும் வைத்துக்கொள்ளலாம்: ஊரார் எழுதப் பழகும் எளிய தமிழ் வடிவம் ஒன்று, ஆய்வாளருக்கு ஒலியெழுத்து ஒன்று, இரண்டுக்கும் மேலாகச் சொன்னவரின் குரல். ஐயம் வந்தால் தீர்ப்புச் சொல்வது குரல். கூடுதல் குறி வேண்டும் என்று ஊரார் விரும்பினால் அதற்கும் வழி பிறந்திருக்கிறது. 2018இல் வந்த யூனிகோடு 11ஆம் பதிப்பு, தமிழெழுத்தோடும் பயன்படுத்தத்தக்க ஒரு கீழ்ப்புள்ளியைக் கிரந்தத் தொகுதியில் சேர்த்திருக்கிறது. எந்தக் குறி என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த மொழிக்காரர்கள்.

யூனிகோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழர்களாகிய நாம் பட்டவர்கள். பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்தோம். அந்த எழுத்துரு போனதும் கோப்பு புரியாத குறிகளாகத் திறந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். பேரகராதி கண்ட மொழிக்கே இந்தக் கதி என்றால், ஒரே ஒரு கோப்பில் உயிர் வைத்திருக்கும் சிறுமொழி என்னாகும்? சௌராஷ்டிர எழுத்து 2008இல் யூனிகோடில் இடம் பெற்றது. அம்மொழியை நாகரியிலும், மேலே எண் இட்ட தமிழெழுத்திலும் எழுதுகிறவர்கள் உண்டு. எல்லா வடிவமும் ஒரே பதிவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம்.

தட்டச்சுக்குக் கீமேன் இருக்கிறது. லாவோ மொழிக்காக 1993இல் தொடங்கியது. 2017 முதல் இலவசம். ஒரு மொழிக்கு வேண்டிய எழுத்தும் குறியும் மட்டும் கொண்ட விசைப்பலகையை நாமே வடிவமைத்து, கணினியிலும் கைபேசியிலும் போடலாம். அகர வரிசையும் கவனிக்க வேண்டியதுதான். யூனிகோடு எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன வரும். ர-வுக்கு அடுத்து ற. அப்படியே விட்டால் நம் அகராதி வரிசை கெட்டுவிடும். வரிசை விதியை எழுதித் தர ஃபீல்டுவொர்க்ஸில் இடம் உண்டு. அரை நாள் வேலை.

தேடலில் எழுத்துப் பிழையை மன்னிக்கவும் கருவிக்குத் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மொழிக்கு 1990களின் இறுதியில் கிறிஸ்டபர் மேனிங் உள்ளிட்டோர் கிர்கிர் என்ற மென்பொருள் செய்தபோது இதை உணர்ந்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் காதில் விழுந்தபடி எழுதித் தேடினாலும் சொல் கிடைத்தது, ஒரு சொல்லிலிருந்து அதன் உறவுச் சொற்களுக்கு வலைபோல் போக முடிந்தது, தொட்டால் ஒலித்தது. ந–ன, ர–ற, ல–ள மயங்கினாலும் கண்டுபிடித்துத் தரும் தேடல் நம் மலைக்கும் வேண்டும்.

5. சிக்னல் இல்லாத ஊரில்

இணைய அகராதிகளுக்குக் குறைவில்லை. பர்ரோ–எமனோ அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடலாம். ஆனால் மலை மடிப்புகளில் சிக்னல் வந்து போகும். ரீசார்ஜ் முடிந்த நாளில் அதுவும் இல்லை. கைபேசி மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

எஸ்ஐஎல்லின் டிக்‌ஷனரி ஆப் பில்டர் இந்த இடைவெளியை அடைக்கிறது. ஃபீல்டுவொர்க்ஸிலிருந்து ‘லிஃப்ட்’ என்ற பொதுவடிவில் அகராதியை ஏற்றுமதி செய்து இதில் கொடுத்தால், ஆண்டிராய்டு செயலி ஒன்று வெளியே வரும். எழுத்துரு, ஒலி, படம் எல்லாம் உள்ளேயே. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. புளூடூத்திலோ மெமரி கார்டிலோ ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 சொல், சொல்லுக்கு 2 வினாடி ஒலி. கைபேசிக்குப் போதுமான தரத்தில், வினாடிக்கு 64 கிலோபிட், அதாவது 8 கிலோபைட். ஒரு சொல்லுக்கு 16; எல்லாவற்றுக்கும் 80 மெகாபைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் 3 பைட். பதிவுக்கு 500 குறி என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 7.5 மெகாபைட். ஒரு மொழியின் அகராதி முழுவதும் குரலோடு 90 மெகாபைட்டுக்குள். குடும்பக் குழுவில் ஒரு வாரம் வந்து குவியும் காலை வணக்கப் படங்களும் காணொளிகளும் இதைவிட அதிகம். காப்பகத்துக்கு மட்டும் சுருக்காத ஒலியை வைக்க வேண்டும்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம். அது வினாடிக்கு 144 கிலோபைட். 5,000 சொல்லின் 10,000 வினாடிக்கு 1.44 கிகாபைட். அதுவும் ஒரு சிறிய பென் டிரைவில் அடங்கும்.

செயலிக்கு ஆயுள் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டிராய்டு 14, மிகப் பழைய பதிப்புகளுக்காகச் செய்த செயலிகளை நிறுவவே மறுக்கிறது. இன்று செய்தது இன்னும் சில ஆண்டில் புதிய கைபேசியில் ஏறாமல் போகலாம். ஷூபாக்ஸ் போய்விட்டது, வேறு பலவும் போகும். செயலியை அகராதி என்று எண்ணக் கூடாது. அகராதி என்பது உள்ளே இருக்கும் வரிசை பிரித்த எழுத்துக்கோப்பும் ஒலிக்கோப்புகளும். அவை பத்திரமாக இருந்தால் புதிய செயலியை ஒரு நாளில் திரும்பச் செய்துகொள்ளலாம்.

இதற்கும் வார்ல்பிரியே சான்று. மொழியியலாளர் கென் ஹேல் அம்மொழியில் சொற்களைச் சேகரிக்கத் தொடங்கியது 1959இல். 1980களில் தரவு கணினிக்கு ஏறியது. மேரி லாஃப்ரனும் பலரும், வார்ல்பிரி பேசும் ஆசிரியர்களும் தொடர்ந்தார்கள். கலைக்களஞ்சிய அகராதி அச்சில் வந்தது 2022இல். இடையில் எத்தனையோ தலைமுறைக் கணினிகள் மாறின. ஹேலும் 2001இல் மறைந்துவிட்டார். குறியிட்ட எளிய எழுத்துக்கோப்பாக இருந்ததால் தரவு எல்லாவற்றையும் கடந்து வந்தது.

6. யாருடைய சொல்

இணையமில்லா அகராதிக்கு மட்டும் உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. இணையதளத்தில் தவறாக ஏறிய பதிவை நீக்கிவிடலாம். மெமரி கார்டில் கைமாறிப் போன கோப்பைத் திரும்பப் பெற முடியாது. அதனால் இசைவு முதலில், செயலி பிறகு. பால்மனைக்குள் மட்டும் சொல்லத் தக்கது, இறந்தவர் பெயரோடு தொடர்புடையது, மூலிகையின் பெயரும் அது தீர்க்கும் நோயும், கோயில் சடங்கு – இவற்றை வெளியே விடலாமா என்பதை அந்தச் சமூகம்தான் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் வாருமுங்கு மக்களோடு 2007இல் உருவான முக்குர்ட்டு என்ற காப்பக மென்பொருள், யார் எதைப் பார்க்கலாம் என்பதை அம்மக்களின் வழக்கப்படியே அமைக்க இடம் தந்தது. 2019இல் வெளியான ‘கேர்’ நெறிகளும் கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் உரிமை, பொறுப்பு, அறம் என்ற நான்கைப் பழங்குடி மக்களின் தரவுக்கு அடிப்படையாக வைக்கின்றன. ஃபீல்டுவொர்க்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் எந்தெந்த வெளியீட்டில் வரலாம் என்று குறிக்கலாம். பள்ளிக்கு ஒன்று, ஊர்ப் பெரியோருக்கு ஒன்று, ஆய்வாளருக்கு ஒன்று என ஒரே தரவு மூன்று முகம் காட்டும்.

தமிழ்ப் பொருள் எழுதப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சொல் நம் காதுக்குத் தமிழ்போல் கேட்டதும் தமிழ்ப் பொருளை எழுதிவிடும் ஆசை வரும். உறவுள்ள மொழிகளில் அதுதான் பெரிய கண்ணி. வடிவம் ஒத்திருக்கும், பொருள் நகர்ந்திருக்கும். இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு வெற்றிடத்தை நிரப்பினாலும் இதே தவறுதான் நடக்கும். எழுத்தில் போதிய தரவே இல்லாத மொழிக்கு அவை தமிழையோ கன்னடத்தையோ பார்த்துத்தான் ஊகிக்கும். பொருளை எழுத வேண்டியவர் இரு மொழியும் பேசும் ஊர்க்காரர். நாம் அருகில் உட்கார்ந்து ‘எப்போது சொல்வீர்கள், எப்போது சொல்ல மாட்டீர்கள்’ என்று கேட்கலாம். நம் பங்கு அவ்வளவே.

7. செய்யத் தக்கவை

அரசுகள் சும்மா இருக்கவில்லை. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் மைய நிறுவனம், பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளுக்காக 2013இல் ஒரு திட்டம் தொடங்கியது. இந்தப் பத்தாயிரம் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரம்பும் ஆகும். அதற்குக் கீழே உள்ள மொழிகள் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியலில் தனியாக வருவதில்லை. தமிழக அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆவணம் உருவாகும். அது எந்த வடிவில் இருக்க வேண்டும், யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று கேட்பது பல்கலைக்கழகங்களின் கடமை.

நான் முன்வைப்பவை நான்கு. ஒன்று, சிறுமொழி பற்றி இத்துறையில் சமர்ப்பிக்கும் ஆய்வேட்டோடு, சொற்றொகுதியை வரிசை பிரித்த பொதுவடிவக் கோப்பாகவும் ஒலியோடும் தருவது கட்டாயமாகட்டும். அச்சுப் பிரதிக்கு இணையாக அதற்கும் மதிப்பெண் தாருங்கள். இரண்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று இடத்தில் படி வையுங்கள்: துறை நூலகம், உதகையை அடுத்த முத்தொரை பாலாடாவிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையம், சொல் தந்த ஊரின் பள்ளி. மூன்று, ஏற்கெனவே அச்சில் இருக்கும் அகராதிகளின் பதிப்புரிமை உள்ளவர்களிடம் இசைவு பெற்று, தமிழ்ப் பொருள் சேர்த்து ஊருக்குத் திருப்பும் வேலையைத் தொடங்குங்கள். படகும் சௌராஷ்டிரமும் இதற்கு முதலில் கைவைக்க ஏற்றவை. இரண்டிலும் இருமொழியும் எழுதத் தெரிந்த படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

நான்காவது, பணம். சொல் தருபவரைத் ‘தகவலாளி’ என்று பின்னிணைப்பில் ஒரு வரியில் முடித்துவிடும் பழக்கம் போதும். ஓராண்டு உட்கார்ந்து ஐயாயிரம் சொல்லுக்குப் பொருள் எழுதுபவர் ஆசிரியர். முகப்பில் அவர் பெயர் வர வேண்டும், மாதச் சம்பளம் வர வேண்டும். மென்பொருள் இலவசம், கைபேசி அவரிடமே இருக்கிறது, செலவு ஆளுக்குத்தான். இந்த அறக்கட்டளையின் வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுக்கு ஒரு மொழித் தொகுப்பாளருக்கு நல்கையாகக் கொடுக்கலாம் என்று நிறுவிய குடும்பத்தாரிடமும் துணைவேந்தரிடமும் இந்த மேடையிலேயே விண்ணப்பிக்கிறேன். எனக்குத் தருவதாக அறிவித்த மதிப்பூதியத்தை அந்தக் கணக்கில் முதல் வரவாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மொழி எது என்பதை, நீலகிரியிலிருந்து வந்து முன்வரிசையில் இருக்கும் பெரியோர்கள் இன்று மாலை தேநீர் இடைவேளையிலேயே துறைத் தலைவரோடு பேசி முடிவு செய்யட்டும்.